கணினியில் ஓடிய காத்தாயியின் இதயம்

அனுப்புநர்
சு. நாகராசு,
மோட்டார் மெக்கானிக்,
திருமயம் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: செயற்கை இதய வால்வு குறித்த கணினி ஆய்வுக்குக் கையெழுத்திட்ட குடும்பங்களுக்கு, அக்கணினி நோயாளியைக் கண்காணிக்காது என்பதை நேரில் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி காத்தாயிக்கு (வயது 43) சென்ற ஆண்டு செயற்கை இதய வால்வு பொருத்தினார்கள். பிறகு, பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்யும் கோபிநாத் என்பவர் வந்து அவளுடைய ஸ்கேன் படங்களைக் கேட்டார். வால்வு வழியே ரத்தம் எப்படிப் பாய்கிறது, எங்கே தேங்குகிறது என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பார்களாம். ஆங்கிலத்தில் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டோம்.

2. ஒரு மாதம் கழித்து லேப்டாப்பில் காட்டினார். சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடியது. "இது எனக்குள்ள ஓடுறதா?" என்று காத்தாயி கேட்டாள். ஆமாக்கா என்றார். அன்று முழுக்க அவளுக்கு அதே பேச்சு.

3. நான் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்களுக்கு சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் மாட்டுபவன். தண்ணீர் வற்றினாலோ மோட்டார் நின்றாலோ அது விவசாயிக்குப் போன் செய்துவிடும். இவள் இதயத்தையும் அதுபோலக் கணினியோடு சேர்த்திருக்கிறார்கள், கோளாறு என்றால் கூப்பிடுவார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அப்படி யாரும் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

4. கடந்த டிசம்பரில் மூச்சு வாங்குகிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று இரண்டு நாளாகக் கேட்டாள். "ஒனக்கு ஏதும்னா கம்ப்யூட்டர்ல தெரிஞ்சு போன் பண்ணிருவாங்க, பேசாமப் படு" என்றேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வால்வில் ரத்தம் உறைந்திருக்க வேண்டும், முன்னமே கொண்டுவந்திருக்கலாமே என்றார் மருத்துவர்.

5. கல்லூரிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கோபிநாத் அழுதுவிட்டார். அந்த ஒரு ஸ்கேனை வைத்து ஒரே ஒரு முறைதான் கணக்கிட்டார்களாம். அதன்பின் அவள் உடம்புக்கும் கணினிக்கும் சம்பந்தமே கிடையாதாம். அவர்மீது நடவடிக்கை வேண்டாம் ஐயா. செருப்பால் அடிப்பதென்றால் என்னைத்தான் அடிக்க வேண்டும்.

6. ஆனால் இதே போன்ற தாளில் இன்னும் பதினோரு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பெயர், முகவரி ரகசியம் என்று கல்லூரியில் எனக்குத் தர மறுக்கிறார்கள். கடிதம் அனுப்புகிறோம் என்கிறார்கள். அந்தக் கடிதமும் எந்த மொழியில் இருக்குமோ தெரியவில்லை.

ஆகவே, கல்லூரியிடம் முகவரிகளைப் பெற்று, தங்கள் அலுவலர் எவரையாவது அந்தப் பதினோரு வீடுகளுக்கும் அனுப்பி, கணினி யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, மூச்சு வாங்கினால் உடனே புறப்படுங்கள் என்று வாயால், தமிழில் சொல்லச் செய்யுமாறு கைகூப்பிக் கேட்கிறேன். விசாரணையெல்லாம் பிறகு நடக்கட்டும். அவர்களில் ஒருவருக்கு இன்றைக்கே மூச்சு வாங்கலாம். அந்த வீட்டிலும் என்னைப் போல ஒருவன் இருப்பான்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) சு. நாகராசு

இடம்: புதுக்கோட்டை
நாள்: 17.02.2025