கோடு ஏறாத பெட்ரோல்

சோப்பு போட்டு மூன்று தடவை கழுவிவிட்டேன். கையில் பெட்ரோல் வாடை போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதுதான் அடிக்கிறது. தட்டை மூடி வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். நீ இருந்திருந்தால், "எலுமிச்சம்பழத்தைத் தேய்டி, அதக்கூடவா சொல்லித் தரணும்" என்றிருப்பாய். வீட்டில் எலுமிச்சம்பழம் இல்லை. வாங்கப் போகவும் தோன்றவில்லை.

உன் மொபெட்டை இன்று மத்தியானம் உன் மகள் எடுத்துக்கொண்டு போனாள். ஓடிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் நின்று நான் சொன்ன பொய்யைச் சொல்லியாக வேண்டும். ஏழு மாதமாக அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதினோரு வருடம் அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து அரியாங்குப்பத்திலிருந்து பாண்டி மேட்டுப்பாளையத்துக் கம்பெனிக்குப் போனவள் நான். பாலம் ஏறும்போது, "எக்கி உக்காரு, வண்டி இழுக்கல" என்பாய். எக்கி உட்கார்ந்தால் எடை எப்படிக் குறையும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, எக்கி உட்கார்ந்தேன். மரப்பாலம் சிக்னலில் வண்டி அணைந்துபோகும். பின்னால் பஸ்காரன் ஹார்னில் கை வைத்தால் எடுக்க மாட்டான். நீ திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதோ உன் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நிதானமாக உதைப்பாய்.

கம்பெனியில் நம் இருவருக்கும் ஒரே வேலை. இருமல் மருந்து நிரப்பிய கண்ணாடி பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக வரும். கழுத்துக்குக் கீழே உள்ள கோட்டில் மருந்து சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தாலும் எடு, ஏறினாலும் எடு. எட்டு மணி நேரம் அதே கோடு. எனக்கு அது கம்பெனி கேட்டோடு முடிந்துவிடும். உனக்கு முடியாது. கல்யாண வீட்டில் பாயசத் தம்ளரைக்கூட கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தவள் நீ. அந்தக் கண்ணோடுதான் பெட்ரோலையும் பார்க்க ஆரம்பித்தாய்.

எல்லா பங்க்கிலும் எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியிருந்த நேரம். வண்டியின் பெட்ரோல் டியூப் வெடித்து, ஏழுமலை மெக்கானிக்கிடம் போனோம். அவர் டியூபை விரலால் நசுக்கிக் காட்டினார். "எத்தனாலு ரப்பரைத் தின்னுதுக்கா. பழைய வண்டிக்கு இது ஆவாது."

"எத்தனாலுன்னா?"

"கரும்புல, அரிசியில காய்ச்சறது. சாராயம்தான்க்கா."

நீ சிரிக்கவில்லை. அங்கே நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பாண்டியில் மனுஷனுக்குக் கிடைக்கிறது, வண்டிக்கும் கிடைக்கட்டுமே என்று ஒருவர் சொன்னார். உன் வீட்டுக்காரர் குடித்தே செத்தவர் என்று அவருக்குத் தெரியாது. திரும்பி வரும் வழியில் பாலத்தின் மேல் சொன்னாய்: "ஒருத்தன அது தின்னது போதும். வண்டியையும் தின்ன வுடணுமா?" உன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளே ஒரு பாட்டில் தயார். கழுத்து கோணல் என்று பெல்ட்டிலிருந்து ஒதுக்கிய மருந்து பாட்டில். அதன் பாதி உயரத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு. கோடு வரை தண்ணீர், அதற்கு மேலே பெட்ரோல், மூடிக் குலுக்கிவிட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அடியில் இறங்கி நிற்கும். பெட்ரோலில் எத்தனால் இருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும், தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறும். இந்த வித்தையை யாரிடம் கற்றாய் என்று கேட்டேன். "பாட்டிலு பாக்கறது நம்ம பொழப்பு, இதுக்கு யாரு சொல்லித் தரணும்" என்றாய். ஏழுமலைதான் சொல்லித் தந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உனக்கு அந்த மாதிரிப் பெருமையும் உண்டு.

அரியாங்குப்பம் பங்க்கில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பின்னால் எட்டு வண்டி நிற்கிறது. நீ மேசை மேல் பாட்டிலை வைத்துவிட்டு, தண்ணீர் இறங்கட்டும் என்று கை கட்டிக்கொண்டு நிற்கிறாய். கோடு ஏறிற்று. பெட்ரோல் போடுகிறவன் அழாத குறையாக, "அக்கா, இது மேலேர்ந்தே கலந்து வர்றது, நாங்க ஒண்ணும் கலக்கல" என்றான்.

"நீ கலக்கறன்னு நான் சொன்னனா? கோடு எங்க நிக்குது பாருன்னுதான சொன்னேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றேன்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் ஒவ்வொரு பங்க்காக அந்த பாட்டிலோடு போனாய். கடைசியில் ஊருக்கு வடக்கே, ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பங்க். அங்கே விலை கூடின பெட்ரோல் ஒன்று தனிக் குழாயில். அதில் மட்டும் கோடு அசையவில்லை. அன்றிலிருந்து உனக்கு அது ஒன்றுதான் பெட்ரோல். தெற்கே இருக்கிற அரியாங்குப்பத்திலிருந்து ஊரைக் கடந்து வடக்கே போய்ப் போட்டுக்கொண்டு வருவாய். "போயி வர்ற பெட்ரோலே பாதி ஆயிடும்டி" என்று நான் சொல்வேன். "வுடு, உனக்குப் புரியாது" என்பாய்.

நான் ஸ்கூட்டர் வாங்கிய பிறகு சண்டை இன்னும் பெரிதாகிவிட்டது. என் புது ஸ்கூட்டருக்கும் அதையே போடச் சொன்னாய். நான் ஏழுமலையை இழுத்து நடுவில் நிறுத்தினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "புது வண்டியெல்லாம் கலந்த பெட்ரோலுக்குன்னே பண்ணது. அதுக்கு இது வேஸ்ட். பழசுக்குன்னா சரி. அதுவும் தினம் ஓட்டறவங்களுக்குப் பயமில்ல, நிறுத்தி வைக்கற வண்டிக்குத்தான் கெடுதல்." இருவரும் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வீடு வந்தோம். ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரமும் கம்பெனியில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு உனக்குக் கிட்னி கெட்டது. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு, வேறு யாராக இருந்தாலும் ஆட்டோவில் போயிருப்பார்கள், நீ மொபெட்டிலேயே போய் அட்மிட் ஆனாய். சாயங்காலம் நான் பஸ்ஸில் வந்தபோது சாவியையும் பாட்டிலையும் என் கையில் வைத்தாய்.

"டேங்க் காலியா கெடக்குது. வண்டி இனிமே நிக்கும், எத்தினி நாளோ. நிக்கற வண்டிக்கு அந்தக் கருமம் ஆவாது. நம்ம ஈ.சி.ஆர். பங்க்ல போட்டு ரொப்பி வை. பாட்டில்ல பாத்துட்டுப் போடு."

சரி என்றேன். வெளியே மழை. நான் காலை ஷிப்ட் முடித்து வந்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து உன் பங்க்குக்கு ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு பக்கம். உன் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன். வழியில் வந்த முதல் பங்க்கில், இந்த வண்டிப் பெட்ரோலில் கலக்க வேண்டிய ஆயிலை ஊற்றி, சாதாரண பெட்ரோலை மூடி வரை நிரப்பினேன். டேங்க் நிறைந்திருந்தால் போதும், இவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு வீம்பு என்று நினைத்துக்கொண்டேன். ஆமாம், எரிச்சலோடுதான் நினைத்தேன்.

மறுநாள் கேட்டாய்.

"போட்டியா?"

"போட்டேன்டி."

"ஆயிலு?"

"கலந்தேன்." இது மட்டும் உண்மை.

"பாட்டில்ல பாத்தியா?"

"பாத்தேன். கோடு ஏறல."

அப்போது நீ என் கையைப் பிடித்து, "மெர்சி டி" என்றாய். உன் அப்பா பிரெஞ்சு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். உங்கள் வீட்டில் சின்ன உதவிக்குத் தேங்க்ஸ், பெரிய உதவிக்குத்தான் மெர்சி. உன் மகள் காலேஜ் சேர நான் அலைந்தபோது ஒரு தடவை சொன்னாய். உன் வீட்டுக்காரரைத் தெருவிலிருந்து தூக்கி வந்த அன்று ஒரு தடவை சொன்னாய். இது மூன்றாவது. இத்தனைக்கும் ஒரு டேங்க் பெட்ரோல். அப்பவே, "இல்லடி, போடல, நாளைக்குப் போடறேன்" என்று சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருப்பாய், முடிந்திருக்கும். நான் உன் போர்வையைச் சரிசெய்தேன்.

பதினோராம் நாள் நீ இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அடக்கத்தன்று உன் சொந்தக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், நான் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். மறுநாள் ஷிப்டுக்குப் போய் உனக்கு எதிர்சீட்டில் உட்கார்ந்தேன். உன் இடத்தில் புதிதாக ஒரு பெண். எட்டு மணி நேரம் கோடு பார்த்தேன், ஒரு பாட்டில்கூட தவறவிடவில்லை. முப்பதாம் நாள் பூசையில் சாமியார் உன் பெயரைப் படித்தபோது, வேறு யாரையோ சொல்கிறார் என்றுதான் இருந்தது. இன்றுவரை அப்படித்தான். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

வண்டியை என் வீட்டுப் பக்கச் சந்தில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். அதை ஓட்டவும் இல்லை, உதைத்துப் பார்க்கவும் இல்லை.

போன வாரம் கடலூரிலிருந்து உன் மகள் போன் பண்ணினாள். "பெரிம்மா, எனக்கு டூட்டிக்குப் போக வண்டி வேணும். அம்மா வண்டி ஓடுமா? ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறேன். ஓடலன்னா காயலான் கடைக்குப் போட்டுடலாம்." அதோடு விட்டிருக்கலாம். "ஓடும்னுதான் நெனைக்கறேன். ஆஸ்பத்திரியில அம்மா சொன்னாங்க, பெரிம்மா நம்ம பெட்ரோலே போட்டு வெச்சிருக்கு, வண்டிக்கு ஒண்ணும் ஆவாது, நீ எடுத்துக்கன்னு."

போனை வைத்துவிட்டுப் போய்த் தார்ப்பாயைத் தூக்கினேன். டேங்க் மூடியைத் திறந்ததும் ஊசிப்போன வார்னிஷ் மாதிரி ஒரு நாற்றம். பெட்ரோல் வாடையே இல்லை.

ஏழுமலை வந்து டேங்க்கைக் கழற்றி வாளியில் கவிழ்த்தார். மேலே பெட்ரோல், அடியில் டீ நிறத்தில் தண்ணீர், துரு. கார்ப்ரேட்டருக்குள் ரப்பரெல்லாம் ஊறின பட்டாணி போல உப்பியிருந்தது. "எத்தனாலு ஈரத்தை இழுக்கும்க்கா. இங்க உப்புக் காத்து வேற. ஏழு மாசமா அசைக்காம வுட்டுட்டீங்களே." கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "அந்த அக்கா இதுக்கு அந்த விலை கூடின பெட்ரோல்தான போடுவாங்க?"

"கடைசியா நான் போட்டது" என்றேன்.

அவர் வாளியைப் பார்த்தார். நல்ல பெட்ரோலாக இருந்தாலும் ஏழு மாதத்தில் கொஞ்சம் கெட்டிருக்கும், இந்த அளவுக்கு இல்லை என்று மட்டும் சொன்னார். டேங்க்குக்குள் ஜல்லியைப் போட்டுக் குலுக்கிக் கழுவி, டியூப், ரப்பர், ஊசி எல்லாம் மாற்ற நாலு நாள் ஆனது. காயலான் கடைக்கே போகட்டுமா என்று நடுவில் கேட்டார். வேண்டாம் என்றேன். அது ஓடவில்லை என்றால், நான் போட்ட பெட்ரோலால்தான் ஓடவில்லை என்று ஆகிவிடும். ஆகிவிடும் என்ன, அதுதானே உண்மை.

இன்று காலை கேனை எடுத்துக்கொண்டு உன் பங்க்குக்குப் போனேன். கேனில் தர முடியாது என்றான். என் ஸ்கூட்டருக்குப் போடு என்றேன். அதற்கு அது தேவையே இல்லை என்று எனக்கும் தெரியும். அப்படியே நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏழுமலை டியூப் வைத்து உறிஞ்சி ஸ்கூட்டரிலிருந்து இறக்க, நான் கேனைப் பிடித்தேன். கை முழுக்க வழிந்தது. ஆயில் கலந்து உன் டேங்க்கில் ஊற்றினோம்.

உன் மகள் வந்ததும் வாசலிலேயே உதைத்தாள். நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. சந்து முழுக்கப் புகை. அந்தச் சத்தத்துக்கு நான் என்னை அறியாமல் வயிற்றை எக்கிக்கொண்டேன்.

"அம்மா சொன்ன மாதிரியே ஓடுது பாருங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். "அம்மா சொன்ன பெட்ரோலை நான் போடல. மழைன்னு கைல கெடைச்சத போட்டுட்டு, அதப் போட்டேன்னு பொய் சொன்னேன். வண்டி கெட்டுப்போயி, இப்ப நாலு நாளா ரிப்பேர் பண்ணி ஓடுது."

ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "இதுக்கா பெரிம்மா இவ்ளோ. பரவால்ல வுடுங்க, அதான் ஓடுதே" என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினாள். நல்ல பெண். ஆனால் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியவள் அவள் இல்லை.

அவள் கடலூர் ரோட்டில் திரும்பிய பிறகு வாசலிலேயே உட்கார்ந்தேன். அந்தப் பெட்ரோல் போடுவதால் லாபமா நஷ்டமா என்று நாம் எத்தனை நாள் சண்டை போட்டோம். நிற்கிற பழைய வண்டிக்கு லாபம், என் ஸ்கூட்டருக்கு வேஸ்ட். ஏழுமலை சொன்னதுதான் சரி. இருந்தாலும் இனிமேல் ஸ்கூட்டருக்கு அதைத்தான் போடுவேன். ஊரைத் தாண்டிப் போய்த்தான் போடுவேன், நீ சிரித்தாலும் சரி.

கேனில் ஆயில் கலக்காமல் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன். பீரோவிலிருந்து உன் பாட்டிலை எடுத்தேன். நெயில் பாலிஷ் ஒரு ஓரம் உரிந்திருக்கிறது, கோடு தெரிகிறது. கோடு வரை தண்ணீர் பிடித்தேன், மேலே பெட்ரோல் ஊற்றினேன், குலுக்கி ஜன்னல் கட்டையில் வைத்தேன். இதை எழுத ஆரம்பித்தபோது வைத்தது, நன்றாக இறங்கிவிட்டது. இப்போது எழுந்துபோய்க் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தேன்.

கோடு ஏறவில்லைடி. இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.