மேரி கேட்ட கேள்வி

ஜூலை 12, சனி

இன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு உணவகத்தில் மேரியைச் சந்தித்தேன். என்னோடு மனிதவள மேலாண்மையில் முதுகலை படித்தவள், இப்போது அதிலேயே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். நான் ரவாங் தொழிற்சாலையில் மனிதவள மேலாளர் என்பதால் பேட்டி எடுக்கக் கூப்பிட்டிருந்தாள். நானும் முனைவர் பட்ட ஆய்வில் சேரலாமா என்று அவளிடம் கேட்கும் எண்ணத்தோடுதான் போனேன்.

நுரை ததும்பும் தே தாரிக் தேநீர் வந்ததும் கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கினாள். "வேலைய விட்டுப் போறவங்க உண்மையான காரணத்த ஏன் உங்ககிட்ட சொல்றதில்ல?"

அது நான் ஆராய நினைத்திருந்த கேள்வி. படிக்கும் காலத்தில் ரயிலில் அவளிடம் ஓயாமல் பேசியது. பேராசிரியர் எங்கள் இருவரையும் ஆய்வுக்குக் கூப்பிட்டபோது அவள் சேர்ந்தாள். நான் பதவி உயர்வுதான் பெரிது என்று இருந்துவிட்டேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பதிவை நிறுத்திவிட்டு, "இது உன் கேள்விதான்லா. நீ தொடவே இல்ல, அதான் எடுத்தேன். கோவமாடி?" என்றாள்.

"சேச்சே."

"நீயும் வாயேன். ப்ரொஃபசர் இன்னும் உன்னக் கேக்குறாரு."

"இனிமே எங்கலா? வேலையே சரியா இருக்கு."

வற்புறுத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தலையாட்டிவிட்டு, ஆய்வில் என் பெயர் வராது, 'ஒரு மேலாளர்' என்று மட்டும் வரும் என்றாள். சரி என்றேன்.

பெயர் வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம்.