மூன்று வாரமாக மடித்து வைத்த மருந்துச் சீட்டு

என் அன்புக்குரிய மல்லிகா அக்கா,

ஆபரேஷனுக்குப் பிறகு உனக்குக் கிடைத்த அந்த ஆறு நல்ல வருடங்களை உனக்கு யார் கொடுத்தது? கத்தியா, கதிர்வீச்சா, தினமும் காலையில் நீ விழுங்கிய அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையா? மாத்திரை இல்லாமலே அந்த வருடங்கள் வந்திருக்குமா? மூன்று வாரமாக இதையே யோசிக்கிறேன். கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேலாகப் புள்ளியியல் நடத்துகிறேன், ஆனாலும் பதில் தெரியவில்லை. நூறு பெண்களைப் பற்றிக் கேட்டால் ஏதாவது சொல்வேன். உன் ஒருத்தியைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரியாது.

நீ இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'நீ' என்று வருகிறது. கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன். பதினோரு வருடம் உன் வீட்டு மாடியில், உன் தலைக்கு மேலேயே குடியிருந்தும், உன்னிடம் அளந்துதான் பேசினேன். என் சுபாவம் அப்படி. நீதான் அதைச் சட்டை செய்யவே இல்லை.

எனக்கும் உன் நோயே வந்தது. போன ஆடியில் ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அக்குளுக்குக் கீழிருந்து ஒரு குழாயும், அதன் நுனியில் நீர் சேர்வதற்கு ஒரு குப்பியும் தொங்கின. அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். உனக்கு அப்போது முதுகெலும்பில் நோய் திரும்பியிருந்தது. இடுப்பில் பெல்ட்டு. ஒவ்வொரு படியாக நின்று நின்று மேலே வந்து, வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"இன்னா டீச்சர், கைக்கொயந்தய தூக்கிக்கினு கீற மாதிரி கீறியே!"

ஆபரேஷனுக்குப் பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். தையல் போட்ட இடம் வலித்தது. சிரிக்க வைத்ததற்காக உன்மேல் கோபம்கூட வந்தது.

மறுநாளே ஒரு பையோடு வந்துவிட்டாய். கட்டம் போட்ட சட்டைத் துணி, நீள வார், குப்பி சரியாக உட்காரும் அளவு. கூடவே, கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ள முன்பக்கம் பட்டன் வைத்த இரண்டு உள்ரவிக்கைகள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினெட்டு வருடம் செக்கிங்கில் நின்றவள் இல்லையா, நூல் பிசிறு ஒன்றுகூட இல்லை. பையின் வாய் இரண்டு மூலையிலும் முன்னும் பின்னுமாக ஓட்டி ஒரு கெட்டித் தையல் போட்டிருந்தாய். கம்பெனியில் அதற்குப் பார்டாக் என்று பெயர் என்றாய்.

"பத்து நாள் மாட்டற பைக்கு எதுக்குக்கா இவ்வளவு வேலை?"

"கியிஞ்சி, கொழாய இஸ்துகினு கீய வியுந்தா அப்போ தெரியும்."

"கிழியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. எந்தப் பீஸு கியியும்னு தெரிஞ்சா அது ஒண்ணுக்கு மட்டும் போட்டுட்டு ஊட்டுக்குப் போயிட மாட்டனா? தெரியாதங்காட்டிதான் லைன்ல வர்ற எல்லாத்துக்கும் போடறது. போட்ட பீஸும் கியியும். போடாததும் நல்லா இருக்கும். ஆனா போடாத பீஸ என் டேபிளத் தாண்டி உட்டதில்ல."

நான் ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடம் இது. அன்றைக்கு அதை உன்னிடம் சொல்லவில்லை. நன்றி என்றுகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. "நல்லா இருக்குக்கா" என்றேன், மாணவியின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துச் சொல்வதுபோல.

நீ போனபோது எனக்கு நாலாவது கீமோ முடிந்திருந்தது. ரத்த அணுக்கள் குறைந்திருந்ததால் கூட்டத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கீழே தெருவை அடைத்துப் பந்தல், நாற்காலிகள், உன் கம்பெனிப் பெண்கள். உன் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன், அந்த நிலையிலும், மாடியைப் பார்த்து, "நீ எறங்காதம்மா, மேலயே இரு" என்றார். மாஸ்க்கோடு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் முகத்தை மேலிருந்துதான் பார்த்தேன். உனக்கு ஒரு மாலை போடவில்லை அக்கா. அந்தக் குறைதான் இந்தக் கடிதம்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ தூண்கள் எல்லாம் எழுந்துவிட்டன. தூசு மட்டும் நீ திட்டிய அதே தூசு. எனக்குத் தலைமுடி வளர்ந்துவிட்டது, நீ சொன்ன மாதிரியே சுருட்டையாக. கதிர்வீச்சும் முடிந்தது. கல்லூரிக்குப் போகிறேன். மூன்று வாரம் முன்பு டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதே ஹார்மோன் மாத்திரை. என் கட்டி ஹார்மோனைத் தின்று வளர்ந்த வகையாம், உன்னுடையதைப் போலவே. ஐந்து வருடம், தேவைப்பட்டால் அதற்கு மேலும்.

சீட்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

ஏன் என்று கேட்பாய். மாத்திரையின் பக்கவிளைவுகளை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். உடம்பு திடீரென்று கொதிக்கும், மூட்டு வலிக்கும், தூக்கம் கெடும், சிலருக்குக் காலில் ரத்தம் கட்டும், கருப்பையையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். எரிச்சல் வரும் என்றும் போட்டிருந்தது. தனியாக இருப்பவள் யார்மேல் எரிந்து விழ? ஆனால் அவ்வளவும் சாக்கு. உண்மையைச் சொல்கிறேன். நீ அதை ஐந்து வருடம் விழுங்கினாய். முடித்த அடுத்த வருடமே நோய் திரும்பி வந்தது. உன்னைப் பார்த்த பிறகு அந்த மாத்திரையை நம்புவதற்கு எனக்கு என்ன இருக்கிறது? ஒருத்திக்கு நடந்ததை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று வகுப்பில் கத்துகிறவள்தான். அந்த ஒருத்தி நீயாக இருந்ததால் எல்லாம் மறந்துபோயிற்று.

டாக்டரிடமும் கேட்டேன். "எனக்கு இது பலன் தரும்னு எப்படிச் சொல்வீங்க?" சின்ன வயதுப் பெண்தான், பொறுமையாகப் பதில் சொன்னார். "உங்க ஒருத்தருக்குன்னு சொல்ல முடியாது மேடம். உங்களை மாதிரி நிறையப் பேரைப் பார்த்துத்தான் சொல்றோம். வேண்டாம்னா அதுவும் உங்க முடிவுதான். ஆனா யோசிச்சு எடுங்க, பயந்து எடுக்காதீங்க." நான் எதிர்பார்த்த அளவுக்கு அவர் வாதாடவில்லை. அதனாலேயே சங்கடமாகிவிட்டது.

இன்று சாயங்காலம் அண்ணன் மேலே வந்தார். தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஏதோ சொன்னார், பிறகு போகாமல் நின்றார். உட்காரச் சொன்னால் நாற்காலியில் உட்காராமல் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். நீ படிச்சவ, பொய் சொல்ல மாட்ட."

"கேளுங்கண்ணே."

"அந்தப் பதினோரு நாளு. நான் தேதி கிய்ச்சனே. அதனாலதான் அவுளுக்குத் திரும்பி வந்துச்சா?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவே இல்லை. பிறகு ஞாபகம் வந்தது. காலையில் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டு, உடனே தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பது உன் வழக்கம். தாள் கிழிந்திருந்தால் மாத்திரை போட்டாயிற்று என்று அர்த்தம். இரண்டாவது வருடம் அண்ணனுக்கு வேலை முதல் ஷிப்ட்டுக்கு மாறியது. அவர் கிளம்பும்போது ராசிபலன் பார்க்கத் தாளைக் கிழித்துவிட்டுப் போக, நீ சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்து, போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாய். பதினோரு நாள் கழித்து அட்டையில் மாத்திரை மிஞ்சியிருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாய். நீ போட்ட சத்தம் மாடிவரை கேட்டது. "யோவ், நீ தேதி கிய்ச்சா என் மாத்திரையும் போச்சுய்யா! கைய கட்டிக்கினு வேலைக்குப் போ!" எவ்வளவு சிரித்தோம்! அந்தச் சிரிப்பை இந்த மனுஷர் இத்தனை மாதமாகக் கொலைக் குற்றமாகத் தூக்கிச் சுமந்திருக்கிறார், அக்கா. மாடியிலேயே இருந்த எனக்காவது தெரிந்ததா?

'தெரியாது' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதுதான் நேர்மையான பதில் என்று எப்போதும் சொல்கிறவள் நான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

"அந்தப் பதினோரு நாளாலதான் வந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்லண்ணே. அக்கா டாக்டர்கிட்ட சொன்னப்ப நானும் கூட இருந்தேன். அவங்க பதறவே இல்ல. விட்டதுக்குச் சேர்த்துப் போட வேண்டாம், இன்னையிலேருந்து ஒழுங்கா போடுங்கன்னாங்க, அவ்வளவுதான்."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மாத்திரையை மாசாமாசம் யாரு வாங்கிட்டு வந்தது?"

"நான்தான். இங்க மெடிக்கல்ல வெக்க மாட்டான். கொமணஞ்சாவடிக்குப் போவணும்."

"மழையிலயும்?"

"ஒரு தபா முட்டி வரைக்கும் தண்ணி. பஸ்ஸு இல்ல. நடந்துதான் போனேன்."

"அஞ்சு வருஷம் அப்படிப் போயிருக்கீங்க. அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு இந்தப் பதினோரு நாளை மட்டும் ஏன்ணே வெச்சிருக்கீங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் குரல் பழையபடி ஆயிற்று.

"உனக்கும் அதே மாத்திரைதான? போடறியா?"

"சீட்டு குடுத்து மூணு வாரமாச்சு, இன்னும் வாங்கலண்ணே. யோசிச்சிட்டு இருக்கேன்."

"மூணு வாரமாவா? மல்லிகா இருந்திருந்தா இன்னா சொல்லியிருக்கும் தெரியுமா?"

"என்ன சொல்லியிருப்பாங்க?"

"படிச்ச கய்தேன்னு சொல்லியிருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். நீ சொல்லியிருப்பாய்தான்.

அவர் இறங்கிப் போனபின் உட்கார்ந்து யோசித்தேன். அந்த மனுஷரிடம், கடைசியில் நடந்ததை வைத்து, அதுவரை செய்ததைக் குறைத்துப் பார்க்காதீர்கள் என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன்! எனக்கு அதைச் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லையே. உன் நோய் திரும்பி வந்ததை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் நீ வேலைக்குப் போனாய், உன் மகள் கல்யாணத்தில் வந்தவர்களை எல்லாம் ஓடியாடிக் கவனித்தாய், எனக்குப் பை தைத்தாய். அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது. பங்கே இல்லை என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. உன் மேஜையைத் தாண்டி அந்தத் தையல் இல்லாமல் ஒரு சட்டை போனதில்லை. எந்தச் சட்டையைப் பற்றியும் உனக்கு உறுதி இருந்ததில்லை. நான் மட்டும் உறுதி கிடைத்தால்தான் ஆரம்பிப்பேன் என்று காத்திருந்தேன்.

ஆகவே ஒன்று சொல்கிறேன், கேள். ஐந்து வருடமும் போடுவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். என் உடம்பு அதற்கு என்ன சொல்லும் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் ஆரம்பிக்கிறேன். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு தாங்கவும் மாட்டேன், யாருக்கும் சொல்லாமல் நானாக நிறுத்தவும் மாட்டேன். டாக்டரிடம் போய் நின்று கேட்பேன். இன்னொன்றும் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட நன்றியை, இருக்கிறவர்களிடமாவது இனி வாய்விட்டுச் சொல்வேன். எனக்கு மாத்திரையைவிடக் கஷ்டமான காரியம் அதுதான்.

நேற்று இரவு இத்துடன் முடித்துக் கையெழுத்துப் போட நினைத்தேன். இன்று நடந்ததையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது அண்ணன் வாசலில் கையை நீட்டினார். "சீட்டக் குடு." நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "வாங்குவ வாங்குவ, இன்னும் மூணு வாரம் கயிச்சி" என்றார். கொடுத்தேன். குமணன்சாவடிக் கடையில் இருப்பு இல்லையாம். பூந்தமல்லிவரை போய், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேடிப் பிடித்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது தலையெல்லாம் தூசோடு, மாத்திரை அட்டையும் ஒரு சொம்புத் தண்ணீருமாகப் படிக்கட்டின் கீழே நின்றார். "நன்றிண்ணே" என்றேன். அவர் வேறு யாரையோ சொல்கிறேன் என்பதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அங்கேயே நின்று விழுங்கினேன். என் தொண்டையில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசக்குதா?"

மாத்திரைக்கு ஒரு ருசியும் இல்லை. நாக்கில் பட்டதே தெரியவில்லை. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "மல்லிகாவுக்கு ரொம்பக் கசக்கும். தெனமும் சொல்லும். அதுக்குனே வேல முடிஞ்சி வரசொல்ல ஒரு கமர்கட்டு வாங்கியாருவேன். அஞ்சு வருசமும்" என்றார்.

அப்படியா அக்கா! என்னிடம் நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையே!

"ஆமாண்ணே, கொஞ்சம் கசக்குது" என்றேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு முனைக் கடைக்குப் போனார்.

இப்படிக்கு,
உன் தலைக்கு மேலேயே இருந்தும் உனக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொண்டிருக்கும்
மாடிவீட்டுத் தங்கச்சி