வெற்றிலை ஏறாத பல்

கார்த்திகை 23, புதன்

காலையிலிருந்து தூறல். கூண்டு வண்டி ஒழுகி முந்தானை பாதி நனைந்தது. அண்ணனும் நானும் புதுவைக்கு. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா சொன்னது, துணி எடுக்க என்று. போனது பல்லுக்கு.

மேல்வரிசை முன்பல் ஒன்று. பத்து வயதில் ஏற்றக் கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்தேன். பல் உடையவில்லை, செத்துப்போனது. இப்போது புளியங்கொட்டை நிறம். இரண்டு வரன்கள் இதைப் பார்த்துத்தான் எழுந்து போனார்கள். ஒரு வீட்டில் சொல்லியே அனுப்பினார்கள், கறுப்புப் பல் பெண் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று. அன்றிலிருந்து சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடுகிறது.

மூன்றாவது வரன் வில்லியனூர். பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள். இதுவும் கைவிட்டுப் போனால் இனி அலையமாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். அப்பா போனதிலிருந்து வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம்.

பல் டாக்டர் (இனி ப.டா.) சைகோனில் தொழில் கற்றவர். போன வாரம் வாயில் மெழுகைத் திணித்து அச்சு எடுத்தார். இன்று சாமான் தயார். பீங்கானில் ஒரு மெல்லிய ஓடு. நகம் அளவு. கறுப்புப் பல்லை லேசாக அராவி, பசைத்தூளை நனைத்து, மேலே ஒட்டினார். வலி இல்லை, செத்த பல்தானே. பேசும்படத்தில் நடிக்கிறவர்கள் இப்படித்தான் ஒட்டிக்கொண்டு போய் நிற்கிறார்களாம்.

அவர் சொன்னவை:
சாப்பிடும்போது கழற்றணும்.
சூடான காபி ஆகாது.
கெட்டியானது எதையும் கடிக்கக் கூடாது.
பசை அரை நாள் தாங்கும். அதற்கு மேல் பொறுப்பில்லை.

நிரந்தரமாகப் பொருத்த முடியாதா என்று அண்ணன் கேட்டான். முடியுமாம். பல்லைக் குச்சியாக அராவி, மேலே தொப்பி மாதிரி மாட்டுவார்களாம். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கறுப்போ வெளுப்போ, அது என் பல்.

கண்ணாடியில் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

திரும்பும் வழியில், எல்லையில் இங்கிலீஷ் சுங்கச் சாவடிக்காரன் ஓடு வைத்த டப்பியைத் திறந்து, இது என்ன என்று முகர்ந்து பார்த்தான். அண்ணன் சட்டைப் பொத்தான் என்று சொல்லிவிட்டான். பொய் அவனுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது. வண்டியில் கேட்டேன், ஆயுசுக்கும் இதை ஒட்டிக்கொண்டே இருப்பேனா என்று.

"தாலி ஏறட்டும். அப்புறம் உன் பல்ல எவன் எண்ணப்போறான்?" என்றான்.

கார்த்திகை 27, ஞாயிறு

வெயில். முற்றம் காய்ந்துவிட்டது. வந்தார்கள்.

வாத்தியாருக்கு அம்மா இல்லை. அக்காதான் வளர்த்தாள். அவளைக் கட்டிக் கொடுத்ததும் அதே தெருவில். கூட ஒரு பெரியம்மா. வாத்தியார் ஒல்லி. முக்கால்வாசி நேரம் உத்தரத்தைத்தான் பார்த்தார். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தேனா என்று ஒரே ஒரு கேள்வி. ஆமாம் என்று ஒரே ஒரு பதில்.

எனக்குப் பயம் அக்காவிடம்தான். நான் வாயைத் திறந்தால் தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு என் வாயையே பார்க்கிறாள். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. சொன்னதையே இரண்டாம் தரம் சொல்லவும் வைக்கிறாள்.

அப்போது எங்கள் ஆட்டுக்குட்டி உள்ளே வந்தது. யாரும் கவனிக்கவில்லை. தாம்பூலத் தட்டில் வாயை வைத்து வெற்றிலையை ஒவ்வொன்றாக இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. அண்ணன் தன் யோக்கியதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டேன். கை பாதி வழி வந்தது. மூட வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்து இறக்கிவிட்டேன். நிமிர்ந்தால் வாத்தியார் என்னைப் பார்க்கிறார். அவரும் ஆட்டுக்குட்டியைப் பார்த்திருக்கிறார்.

அவரைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்.

கார்த்திகை 30, புதன்

மார்கழி பிறப்பதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவசரம். மாற்றியாகிவிட்டது. கல்யாணம் தை பத்து, அவர்கள் வீட்டில்.

அக்கா (இனி நாத்தனார்) என் காதருகே வந்து சொன்னாள். தம்பிக்கு என் சிரிப்பு ரொம்பப் பிடித்துப்போனதாம். பல்வரிசையைப் பற்றி வீட்டில் பேசினானாம்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அவருக்குப் பிடித்தது ப.டா. செய்த பல்.

மார்கழி 12, திங்கள்

பனி. கோலம் போடும்போது விரல் மரத்துவிட்டது. அம்மாவுக்கு இருமல், சுக்குக் கஷாயம். கறுப்புப் பசு ஈன்றது, காளைக்கன்று.

மத்தியானம் ஒரு வேலை செய்தேன். பீங்கான் ஓட்டை ஒட்டிக்கொண்டு, அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. கல்யாணமாகாத பெண் போடக்கூடாது, தெரியும். சும்மா ஓர் ஆசை. மென்று முடித்துக் கண்ணாடியைப் பார்த்தேன். எல்லாப் பல்லும் சிவப்பு. அந்த ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று. பீங்கானில் வெற்றிலைச் சாறு ஏறவில்லை.

அப்புறம்தான் நலங்கு ஞாபகம் வந்தது. கல்யாணச் சாயங்காலம் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வெற்றிலை மடித்துக் கொடுத்து, சுற்றி நிற்கும் பொம்பளைகள் விளக்கைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். யார் வாய் அதிகம் சிவக்கிறதோ அவருக்கு மற்றவர் மேல் ஆசை அதிகம் என்று கேலி. நானே எத்தனை கல்யாணத்தில் விளக்குப் பிடித்திருக்கிறேன்.

ஓட்டைப் போட்டால் வெள்ளைப் பல் காட்டிக்கொடுக்கும். போடாவிட்டால் கறுப்புப் பல். அம்மாவிடம் சொன்னேன். அம்மா இருமிக்கொண்டே வெற்றிலைப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தாள்.

தை 3, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காணும் பொங்கலென்று நாத்தனாரும் பெரியம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். ரவிக்கை அளவெடுக்க. கூடவே அவர்கள் கொல்லைக் கரும்பு ஒரு கட்டு. நான் ஓடு இல்லாமல் மாட்டுக்கொட்டகையில் இருந்தேன். அம்மா அவர்களைப் பேச்சில் பிடித்துவைத்தாள். பின்பக்கமாக ஓடி அவசரமாக ஒட்டினேன். பசைத்தூள் சரியாக நனையவில்லை.

பெரியம்மா ஒரு கரும்புத் துண்டை நீட்டினாள். பொங்கலும் அதுவுமாகக் கரும்பு கடிக்காமல் இருந்தால் என்ன நினைப்பார்கள்? கடைவாயில் வைத்துக் கடித்தேன். நாத்தனார் எதிரில் உட்கார்ந்து வழக்கம்போல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாறு பெருகியது. முன்னால் ஏதோ நழுவியது. நாக்கால் தேடுவதற்குள் சாற்றோடு உள்ளே போய்விட்டது.

விழுங்கிவிட்டேன்.

சக்கையைத் துப்ப வேண்டும். கையால் மூடிக்கொண்டு துப்பினேன். மூடியது போதுமா, தெரியவில்லை. பெரியம்மா அடுத்த துண்டை எடுத்தாள். நாத்தனார் சட்டென்று எழுந்தாள். "போதும் பெரிம்மா, இருட்டறதுக்குள்ள வூடு போய் சேரணும்." வெயில் இன்னும் மரத்துக்கு மேலே நின்றது. அளவுகூட எடுக்கவில்லை.

பார்த்துவிட்டாள் என்கிறேன் நான். உன் பயம் என்கிறாள் அம்மா.

தை 5, செவ்வாய்

அம்மா வாழைப்பழமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். விளக்கெண்ணெயும். மற்றதை எழுத வேண்டாம். ஓடு கிடைத்தாலும் மறுபடி வாயில் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கழுவிக்கொள்ளலாமே என்கிறான் அண்ணன். அவன் வைத்துக்கொள்ளட்டும்.

அவன் சைக்கிளில் புதுவை போய் வந்தான். ப.டா. வீடு பூட்டு. காரைக்காலுக்குப் போயிருக்கிறாராம், மாதக் கடைசியில்தான் வருவாராம். சைக்கிளைச் சுவரில் சாத்தவில்லை, எறிந்தான்.

வில்லியனூரிலிருந்து நல்லதோ கெட்டதோ ஒரு சொல்லும் இல்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் உள்ளே ஓடிவிடுகிறேன்.

தை 7, வியாழன்

நலங்கு எங்கள் பக்கம் வழக்கமில்லை, விட்டுவிடலாம் என்று அண்ணன் ஆள் அனுப்பினான். பதில் வந்துவிட்டது, நாத்தனாரிடமிருந்து. நலங்கு இல்லாமல் கல்யாணமா என்று கேட்டாளாம். பெண்ணுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது தான்தான், வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

தெரிந்துவிட்டது அவளுக்கு. ஊர் கூடட்டும் என்று காத்திருக்கிறாள். சபையில் வைத்து வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பிடிக்கப்போகிறாள். முன்னாலேயே வாத்தியாருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுகிறேன் என்றேன். அண்ணன் மைக்கூட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இது பென்சிலில்.

அம்மா: "மணப்பொண்ணுன்னா வாய மூடிக்கினுதான் இருக்கணும். குனிஞ்ச தலை நிமிராத."

இப்படி மூடி மூடி என்னிடம் என்னதான் மிஞ்சும்?

தை 11, திங்கள். வில்லியனூர்

புது வீடு. கொல்லையில் கிணறு, ஒரு முருங்கை. வெயில் அடிக்கிறது. அவர் மேரியில், நகரசபை ஆபீசில், கல்யாணத்தைப் பதியப் போயிருக்கிறார், நான் மத்தியானம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

தாலி ஏறியது. பகல் முழுக்க வாயைத் திறக்கவில்லை. நல்ல அடக்கமான பெண் என்று பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் நலங்கு. கூடம் நிறையப் பொம்பளைகள். நாத்தனார் என் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வெற்றிலை மடித்தாள். சுண்ணாம்பு வழக்கத்துக்கு மேல். சிவப்புக்குப் போடும் காசுக்கட்டியும் அள்ளி வைத்தாள். என் வாயில் திணித்தாள். மென்றேன். பெரியம்மா விளக்கை எடுத்தாள். "இரு பெரிம்மா" என்று இன்னொரு சுருள். திரும்பவும் ஒன்று. நாக்கு வெந்தது, கண்ணில் தண்ணீர். வேண்டுமென்றே வதைக்கிறாள் என்று நினைத்தேன். துப்பவும் விடவில்லை.

பிறகு அவளே விளக்கை வாங்கி, தன் கையாலேயே பிடித்து, "எங்க, தொறடி" என்றாள்.

எல்லோர் தலையும் குனிந்தது. கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன்.

"யம்மா, இன்னா செவப்பு" என்றாள் பெரியம்மா. கூடமே சிரித்தது. மாப்பிள்ளை தோற்றுப்போனார் என்று அவர் வாயைத் திறக்கவைத்துக் கேலி செய்தார்கள். என்னை விட்டுவிட்டார்கள். பிறகு கண்ணாடியில் பார்த்தேன். மொத்த வாயும் கருஞ்சிவப்பு. எது செத்த பல் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஓடு மட்டும் இருந்திருந்தால் வெள்ளையாகக் காட்டிக்கொடுத்திருக்கும்.

இன்று காலை கிணற்றடியில் நாத்தனார் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். கொப்பளிக்கச் சொன்னாள். கொப்பளித்ததும் கை வாய்க்குப் போனது. அவள் என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"கரும்பு கடிக்கசொல்ல வெள்ளையா இருந்துது. துப்பசொல்ல கறுப்பா இருந்துது. அன்னிக்கே பாத்துட்டன்."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் தலையைத் திருப்பிக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். "இந்தப் பக்கம் வந்து சொல்லு. எனக்கு அந்தக் காது கேக்காது."

சின்ன வயதிலிருந்தே கேட்காதாம். பேசுகிறவர் வாயைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்வாளாம். சொல்லாமல்தான் கட்டிக் கொடுத்தார்களாம். புருஷன் பின்னாலிருந்து கூப்பிட்டுத் திரும்பாததற்கெல்லாம் திமிர் என்று திட்டு வாங்கினாளாம்.

நான் அவளை மாட்டுச் சந்தை என்று எழுதியிருக்கிறேன். மேலே இருக்கிறது. அடிக்கவில்லை, இருக்கட்டும்.

அவள் கடைசியாகச் சொன்னது: "ஊருக்குத் தெரிய வேணாம். அவனுக்குத் தெரியணும். நீயே சொல்லிடுடி. நாளாச்சின்னா வாய் வராது."

தை 12, செவ்வாய். காலை

சொல்லிவிட்டேன்.

அவர் பள்ளிக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் போய் நின்று காட்டினேன். முதல் நாள் நீங்கள் பார்த்த பல் ஒட்டவைத்த ஓடு, அதை விழுங்கிவிட்டேன், இதுதான் நிஜம் என்று சொன்னேன். பார்த்தார். சட்டையை மாட்டி முடித்தார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

அம்மா, அண்ணன், பல் டாக்டர். பிறகு உங்கள் அக்கா என்றேன்.

"அக்காவுக்குமா." பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றார்.

இட்லியைத் தொடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மழை இல்லை.

அதே. மத்தியானம்

நாத்தனார் வந்து என்ன சொன்னான் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

பெட்டியைத் திறந்து புடவைகளைப் பார்த்து, மறுபடி மூடினேன். திருப்பி அனுப்புவார்களா? அனுப்பினால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்? சொல்லாமலே இருந்திருக்கலாமோ? இல்லை. சொன்னது சரி. ஆனால் அழுகை வருகிறது. அவரைப் பிடிக்காமல் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

கீரை வைத்தேன். உப்பு போட்டேனா, நினைவில்லை.

அதே. விளக்கு வைத்த பிறகு

வந்தார். கால் கழுவினார். குடையை மூலையில் சாத்தினார். நான் சமையலறைக் கதவோரம். விளக்கை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கொண்டுபோனேன். மணையில் உட்கார்ந்து என்னையும் எதிரில் உட்காரச் சொன்னார்.

"கோவந்தான். இல்லன்னு சொல்லமாட்டேன். கொஞ்ச நாளு இருக்கும்" என்றார். தலையாட்டினேன்.

அப்புறம், "சிரி, பாக்கலாம்" என்றார்.

எங்கிருந்து வரும் சிரிப்பு? கண்ணில் தண்ணீர்தான் நின்றது. அவர் விளக்குத் திரியைத் தூண்டினார்.

"அந்த ஆட்டுக்குட்டிய இட்டுகினு வந்தாதான் சிரிப்பியா?"

சிரித்துவிட்டேன். கையில் விளக்கு இருந்தது, மூட முடியவில்லை.