டேங்க் மூச்சு விடும் ஓட்டை

அன்புள்ள தம்பிக்கு, அக்கா சொல்லச் சொல்ல உன் மருமகள் எழுதுவது.

நாங்கள் நலம் என்று எழுதச் சொன்னால் இவள் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

உன் மாமாவுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. நான் ஊட்டிவிடும்போது, "மறுபடியும் புது மாப்பிள்ளை ஆயிட்டேன்டி" என்று சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த வெயிலை நீ பார்க்கவில்லை. மாமா பார்த்துக்கொள்ளும் உன் படகுக் கொட்டகைக்குத் தகரக் கூரை. சீசன் முடிந்து கொண்டுவந்து நிறுத்திய படகுகள் பன்னிரண்டு, எல்லாவற்றிலும் டேங்க் நிறையப் பெட்ரோல். சூட்டில் அது உப்பும். ஆவி பக்கவாட்டு ஓட்டை வழியாக வரும். மாமா விடிந்ததும் இரண்டு கதவையும் திறந்து வைத்துவிடுவார். கதவுக்கு முட்டுக் கொடுக்க என் தையல் மெஷின் ஸ்டூலைத் தூக்கிப்போனதும், அதற்காக நான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாததும் வேறு கதை.

பிறகு நீ போன் செய்தாய். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "படகுக்காரங்க நாத்தம் நாத்தம்னு புலம்புறாங்க மாமா. அந்த ஓட்டையை அடைச்சு விட்டுடுங்க" என்றாய். "அது டேங்க் மூச்சு விடுற ஓட்டை மாப்ளே" என்றார். "நீங்க என்ன இன்ஜினியரா?" என்று கேட்டாய். அவர் துணியைச் சுருட்டி, மெழுகு தடவி, ஒவ்வொன்றாக அடைத்தார்.

மூன்று நாள் வாசனையே இல்லை. "பாத்தீங்களா?" என்று நீகூடப் பெருமைப்பட்டாய். நாலாம் நாள் ஆவி வெளியேற வழியில்லாமல் வெள்ளைப் படகில் டேங்க் குழாய் பிடுங்கிக்கொண்டு, பெட்ரோல் அடிப்பலகைக்குக் கீழே தேங்கிவிட்டது. பத்து வருஷம் அதிலேயே பழகிய மூக்கு, அவருக்குத் தெரியவில்லை. படகின் சொந்தக்காரர் சொன்னாரே என்று மாமா பேட்டரி சுவிட்சைப் போட்டார். ஒரு பொறி, குப்பென்று தீ. அவ்வளவுதான்.

நீ விசாரணை அதிகாரிக்கு எழுதியதை நேற்றுப் படித்துக் காட்டினார்கள். மாமா பீடி பற்றவைத்தாராம். உன் மாமாவா தம்பி? எங்கள் கல்யாணத்தில் பெரியப்பா நீட்டிய சிகரெட்டை ஒரே இழுப்பு இழுத்து, இருமி இருமி மாலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தவன் நீதான்.

திங்கட்கிழமை அந்த அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வருகிறார். மாமா வாய் திறக்கமாட்டார். "சின்னப் பையன், பயந்துட்டான், விடு" என்கிறார். நான் விடமாட்டேன், நடந்ததைச் சொல்லுவேன். அதற்கு முன்னால் நீயே போன் போட்டுச் சொல்லிவிடு. எனக்கு இருப்பது ஒரே தம்பி.

வெயிலில் அலையாதே. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
இன்னமும் உன் அக்கா