நாலு மணி டீத்தட்டில் போன படம்

1952 அக்டோபர் 6, திங்கள்

போர்க்காலத்தில் வந்த டீத்தூள் பங்கீடு நேற்றோடு ஒழிந்தது. இனி இந்த ஆராய்ச்சிக் கூடத்து ஆண்கள் தொட்டி தொட்டியாகக் குடிக்கலாம். ஊற்றுகிற கை என்னுடையதுதானே. சர்க்கரைப் பங்கீடு மட்டும் அப்படியே இருக்கிறது. பெல்லமி ஐயாவுக்கு மூன்று கரண்டி இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது. ஆஷர் டாக்டரம்மா சர்க்கரையே தொடமாட்டார். அவர் பங்கைத்தான் இவர் கோப்பையில் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

"இது யாரோட பங்குன்னு தெரியுமா சார்?" என்று இன்று கேட்டேன்.

"இனிச்சா சரி, மேபல்."

டாக்டரம்மா நடையில் என் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றபடிதான் குடிப்பார். டீ அறை ஆண்களுக்கு மட்டும். இந்தக் கல்லூரி வழக்கம். நான் மட்டும் தினமும் போய் வருகிறேன். கையில் தட்டு இருந்தால் பொம்பளை என்பது அவர்கள் கண்ணில் படாது போல.

"நீங்களும் ஒரு தட்டத் தூக்கிட்டு வாங்களேம்மா" என்றேன்.

"அப்புறம் ஊத்தவும் சொல்லிடுவாங்க, மேபல்."

நவம்பர் 14, வெள்ளி

டாக்டரம்மா ஒரு கண்ணாடிக் குச்சியை ஜாடிக்குள் விட்டு இழுத்துக் காட்டினார். கன்றுக்குட்டியின் கழுத்துச் சுரப்பியிலிருந்து எடுத்ததாம். சளி மாதிரி நூல் நூலாக நீண்டது.

"இதுக்கா மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுட்டு கீழ்த்தளத்துல கெடக்கீங்க? கேட்டிருந்தா என் கைக்குட்டையவே குடுத்திருப்பேனே!"

பெயர் டி.என்.ஏ. பெற்றவர்களின் மூக்கும் முடியும் பிள்ளைக்கு இதன் வழியாகத்தான் வருகிறதாம். அது எப்படி முறுக்கிக்கிடக்கிறது என்று தெரிந்தால், எப்படி வருகிறது என்பதும் பிடிபடுமாம். அந்த முறுக்கு கண்ணுக்குத் தெரியாது. நூலின்மேல் எக்ஸ் கதிரை மணிக்கணக்கில் பாய்ச்சி, விழுகிற புள்ளிகளைப் படம் பிடித்து, அளந்து அளந்து கணக்குப் போட வேண்டும்.

"மொதல்ல சொல்றவங்க பேருதான் நிக்கும்" என்றார்.

"அப்போ சட்டுனு சொல்லிடுங்க."

"தப்பாச் சொல்லிட்டா? பெல்லமி தப்புப் பண்ணினா அடுத்த வாரம் திருத்திக்குவார். நான் தப்புப் பண்ணினா, பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்குன்னுடுவாங்க."

அவர் தட்டில் கேக்கின் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

நாலு நாளாக ஊரை மூடியிருக்கிற புகைமூட்டம் கட்டடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பெல்லமி ஐயா என்னைக் கோட்டு மாட்டும் கம்பம் என்று நினைத்துத் தொப்பியை மாட்டப் பார்த்தார்.

1953 ஜனவரி 30, வெள்ளி

என் வீட்டுக்காரர் ஆர்தர் உயிரோடு இருந்தால் அவரிடம் கொட்டித் தீர்த்திருப்பேன். இப்போது இந்தக் காகிதம்தான்.

எங்கள் பேராசிரியருக்கு ஒரு பழக்கம் - யார் என்ன கண்டுபிடித்தாலும் நாலு மணி டீயோடுதான் பார்ப்பார். ஆண்கள் தங்கள் காகிதங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். டாக்டரம்மாவுடையது உறையில், என் தட்டில் போகும். பார்த்து முடித்ததும் என் தட்டிலேயே திரும்பி வரும்.

இன்று போனது புதுப் படம். இத்தனை தெளிவாக இதுவரை விழுந்ததே இல்லை என்றார் டாக்டரம்மா, முகமெல்லாம் வெளிச்சம். கொண்டுபோய்ப் பேராசிரியர் நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். அவரோ பல் வைத்தியரிடம் போயிருந்தார். பெல்லமி ஐயாவும், காலை ரயிலில் வந்த கிராண்ட்லி என்ற விருந்தாளியும்தான் இருந்தார்கள். கிராண்ட்லி ஊரிலும் இதே டி.என்.ஏ. நூலைத்தான் துழாவிக்கொண்டிருக்கிறார்கள்.

பெல்லமி ஐயா உறையைப் பிரித்தார்!

"உறை மேல உங்க பேரா சார் இருக்கு?" என்றேன், சிரித்துக்கொண்டேதான்.

"எல்லாம் ஒரே குடும்பம், மேபல். இவருக்கு இன்னொரு பிஸ்கட் குடு."

கிராண்ட்லிக்குப் பிஸ்கட் கண்ணில் படவே இல்லை. வாயைப் பிளந்தபடி படத்தையே பார்த்தார். செய்தித்தாள் ஓரத்தில் என்னவோ கிறுக்கினார், அந்த ஓரத்தை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டரம்மா படியேறி வந்து கதவைத் தட்டினார். நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றார். பெல்லமி ஐயா கோப்பையும் கையுமாக வந்தார்.

"என் படத்தக் குடுங்க."

"மேசை மேலதான் இருக்கு, மிஸ் ஆஷர். வந்து எடுத்துக்க வேண்டியதுதானே?"

"டாக்டர் ஆஷர். நான் உள்ள வரக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"அட, ஆமால்ல!"

உள்ளே சிரிப்புச் சத்தம். நான்தான் போய் எடுத்துவந்தேன். உறைமேல் கோப்பை வைத்த வட்டக்கறை.

பிப்ரவரி 20, வெள்ளி

"ரெண்டு இழை, மேபல். ஒன்ன ஒன்னு சுத்திக்கிட்டு." இப்போதைக்கு என்னிடம் மட்டும் சொல்கிறாராம். இன்னும் கொஞ்சம் அளக்க வேண்டியிருக்கிறதாம். போதும் அளந்தது, போய்ச் சொல்லுங்கம்மா!

மார்ச் 13, வெள்ளி

முந்திக்கொண்டார்கள். கிராண்ட்லி ஆட்கள் கம்பியும் தகடும் வைத்து ஓர் ஆள் உயரத்துக்கு அந்த நூலைக் கட்டி நிறுத்திவிட்டார்களாம். பெல்லமி ஐயா போய்ப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

டாக்டரம்மாவும் போய் வந்தார்.

"சரியாத்தான் கட்டியிருக்காங்க" என்றார். "அழகாவும் இருக்கு."

"உங்க படத்தப் பாத்துத்தானே கட்டினாங்க?"

"அத அவங்கதான் சொல்லணும்."

சொல்வார்களா? ஒரு கள்ளன்கூட வீட்டுக்காரனுக்கு நன்றி சொல்லிப் பார்த்ததில்லை நான்.

மார்ச் 27, வெள்ளி

டாக்டரம்மா வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அங்கே டீ அறைக்குக் கதவே கிடையாதாம். கைகுலுக்கினார். டி.என்.ஏ. நூல் வேலையை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டுமாம், பேராசிரியர் உத்தரவு. அவர் பங்குச் சர்க்கரை என் ஜாடியில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது.

ஏப்ரல் 24, வெள்ளி

அறிவியல் பத்திரிகையில் வந்துவிட்டது. கிராண்ட்லி பெயர் மேலே, பெல்லமி பெயர் அதற்கடுத்து. ஆஷர் எங்கே என்று விரலை வைத்து எழுத்துக்கூட்டித் தேடினேன். கடைசியில், பொடி எழுத்தில் - பொதுவான ஊக்கத்துக்காக நன்றியாம். ஊக்கம்! குதிரைப் பந்தயத்தில் ஓரமாக நின்று கத்துகிறவர்கள் கொடுப்பதுதான் ஊக்கம்.

டீ அறையில் விருந்து. கிராண்ட்லியும் வந்திருந்தார். "அந்த அம்மா வரலையா?" என்று ஒப்புக்குக் கேட்டுவைத்தார்.

"அவங்க ஒட்டாத ஜாதி" என்றார் பெல்லமி ஐயா. "ரெண்டு வருஷம் இங்க இருந்தாங்க. ஒரு நாளாவது எங்ககூட வந்து உக்காந்து ஒரு வாய் டீ குடிச்சிருப்பாங்களா?"

பேராசிரியர் தலையாட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தட்டோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நான் நிற்பதுதான் அவர்கள் கண்ணில் படாதே.

ஏப்ரல் 27, திங்கள்

நாலு மணிக்குப் பெல்லமி ஐயா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன மேபல், ஒரு கரண்டிதான் போட்ட மாதிரி இருக்கு?"

"உங்க பங்கு அவ்வளவுதான் சார்" என்றேன்.