இரண்டு பொத்தான் பிரஸ்

சேரப்பணஞ்சேரி,
9.11.2025

பெயரில் மட்டும் அன்பு உள்ள அண்ணனுக்கு,

தங்கை ஷாரோன் எழுதுவது. நலமா? நலமில்லாவிட்டாலும் பதில் போடு. வகுப்பில் பள்ளி மணியை ரிங்டோனாக அடிக்கவிட்டு எல்லாரையும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினேன் அல்லவா, பிளஸ் டூ முடியும்வரை என் போன் அப்பாவின் பீரோவில் சிறை. ஆகவே உன் கம்பெனி பஸ் ஓட்டும் ரகுபதி அண்ணன்தான் நம் தபால்காரர். "கட்டிங் விஷயமா லெட்டர்" என்றேன், முகம் மலர்ந்தார். ஃபோம் கட்டிங் என்றதும் வாடிவிட்டார்.

அப்பாவின் ஷெட்டுக்கு ஒரகடத்திலிருந்து பெரிய ஆர்டர். உதிரிபாகப் பெட்டிக்குள் வைக்கும் ஃபோம், தினமும் ஒரே வடிவம். கத்தியால் வெட்டியதில் ஒன்று இட்லி, ஒன்று தோசை. பாதி திரும்பி வந்துவிட்டது. மெஷின் வாங்கினால்தான் ஆர்டர் தங்கும். லேசரா, காலால் மிதிக்கும் பிரஸ்ஸா? பிரஸ் லைனில் நிற்பவன் நீ, சொல். ஷெட்டை விட்டுக் கம்பெனிக்குப் போனவனிடம் அப்பா வாய் திறக்கமாட்டார். நான் கேட்கிறேன், அவர் ஒட்டுக்கேட்கிறார்.

வாலு,
ஷாரோன்

இருங்காட்டுக்கோட்டை,
14.11.2025

ஷாரோன்,

நலம். லேசர் வேண்டாம். ஃபோம் ஓரம் கருகும், நாறும். தினமும் ஒரே வடிவம் என்றால் அச்சு செய்து பிரஸ்ஸில் அமுக்குவதுதான் சரி. ஆனால் கால்மிதி வேண்டாம். இரண்டு பொத்தான் வைத்தது வாங்கச் சொல். இரண்டு கையாலும் ஒன்றாக அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. ஓ.டி. இருக்கிறது.

அன்பு

சேரப்பணஞ்சேரி,
18.11.2025

அண்ணா,

கோழிக்குப் பேனா கொடுத்து எழுதச் சொன்னாயா? உன் எழுத்தைப் படிக்க நானும் அம்மாவும் ரகுபதி அண்ணனும் கூட்டம் போட வேண்டியிருந்தது.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டு கையும் பொத்தான்ல கீது, ஷீட்ட யாரும்மா நகத்துவா? கால்மிதின்னா கால் பாட்டுக்கு மிதிக்கும், கை பாட்டுக்கு நகத்திக்கினே இருக்கும். தொர கம்பெனில இன்னாத்த கத்துக்கினான்?" என்றார். மெஷின் வியாபாரி ஜீவானந்தம் வேறு, "ரெண்டு பொத்தானே வாங்குண்ணே, ஒண்ண டேப் போட்டு ஒட்டிட்டா ஸ்பீடு வந்துரும். எல்லா எடத்துலயும் அப்டித்தான்" என்கிறார். ஞாயிறன்று முடிவு. கால்மிதி பக்கம்தான் சாய்கிறது.

கேக் வெட்டவாவது வா.

ஷாரோன்

இருங்காட்டுக்கோட்டை,
20.11.2025

ஷாரோன், இதை அப்பாவிடமே கொடு.

அப்பா,

எங்கள் லைனிலும் ஒரு பொத்தான் டேப் ஒட்டித்தான் இருந்தது. எல்லா ஷிப்ட்டும் அப்படித்தான் ஓட்டினோம். ஆகஸ்டில் என் வலது கை உள்ளே இருக்கும்போதே பிரஸ் இறங்கி மூன்று விரல் போய்விட்டது. ஆறிவிட்டது. இப்போது ஸ்டோரில் வேலை. இது இடது கை எழுத்து. அம்மாவுக்குத் தெரியாது. ரகுபதி அண்ணனையும் வீட்டில் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன்.

கால்மிதி வேண்டாம். டேப்பும் வேண்டாம்.

அன்பு

சேரப்பணஞ்சேரி,
2.12.2025

அண்ணா,

கோழியை வாபஸ் வாங்குகிறேன். எழுத்து இன்னும் கேவலம்தான்.

அப்பா உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். தட்டு அப்படியே இருந்தது. அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். நான் வெளியே போய்விட்டேன்.

ஞாயிறன்று ஜீவானந்தத்திடம், "ரெண்டு பொத்தான்தான்" என்றார். அவர் காட்டிய மெஷினில் பொத்தான் சட்டைப் பொத்தான் சைஸ்.

"இத்த எடுத்துட்டுப் பெருசா வை. வெரலே வோணாம், உள்ளங்கையால அமுக்கணும்."

"எதுக்குண்ணே? இதுவே நல்லாத்தான கீது?"

"ஓட்டறவனுக்கு அதான் தோது."

மெஷின் நேற்று வந்தது. பொத்தான் ஒவ்வொன்றும் பூரி சைஸ். மேலே சுற்றிய பாலிதீன் கவரைக்கூட அப்பா பிரிக்கவிடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து பழைய கத்தியால் வெட்டிக்கொண்டிருக்கிறார். "ஆர்டர் போயிடும்பா, பிரிப்பா" என்றேன்.

"ஓட்டறவன் வந்து பிரிக்கட்டும்" என்கிறார்.

ஷாரோன்